என் மருமகளின் முப்பத்தொன்பது நாள்

மார்ச் 4
ஏப்ரல் 10 — 37 நாள்
மே 20 — 40 நாள்
ஜூன் 27 — 38 நாள்
ஆகஸ்ட் 7 — 41 நாள்
செப்டம்பர் 14 — 38 நாள்
அக்டோபர் 23 — 39 நாள்
கூட்டுத்தொகை 233. இடைவெளிகள் ஆறு. சராசரி 38.8.

இந்தத் தேதிகள் என் மருமகளுடையவை. எழுதுவதற்கு முன் அவளைக் கேட்டேன். "எழுதிக்கோங்க மாமா, யாருக்காவது உதவட்டும்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

அவள் ரொட்டிக் கடையில் அடுப்பு பார்க்கிறவள். விடிவதற்கு முன் போய்ப் பதினொரு மணிக்கு வீடு திரும்புவாள். அடுப்புக்கு மேலே பெரிய கடிகாரம் உண்டு. அவள் அதைப் பார்ப்பதில்லை. ரொட்டியை வெளியே எடுத்துக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவாள். சத்தம் காதுக்குச் சரியாக இருந்தால் வெந்தது; இல்லாவிட்டால் திரும்ப உள்ளே. உப்பையும் உள்ளங்கையில்தான் அளப்பாள். முதலாளி ஒருமுறை அவள் அள்ளிய உப்பை ஐந்து தடவை தராசில் போட்டுப் பார்த்துவிட்டு, ஆறாவது தடவை தராசையே எடுத்து உள்ளே வைத்துவிட்டாராம். கடையில் அவளுக்கு 'தட்டக்கா' என்று பெயர்.

நான் அப்படிப்பட்டவன் அல்ல. முப்பத்தாறு வருடம் ஆற்றின் நீர்மட்டம் எடுத்தவன். காலை ஆறு மணி, மாலை ஆறு மணி, அளவுகோலில் தெரிகிற எண். எங்கள் படிவத்தில் அளவுக்குக் கட்டம் உண்டு, காரணத்துக்குக் கட்டம் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு ஆறு இல்லை, வீடு இருக்கிறது. கூடத்தில் தொங்கும் மாதக் காலண்டரில் வீட்டில் எல்லோரும் குறி வைப்பார்கள். சிவப்பு வட்டம் சிலிண்டர் மாற்றிய நாள். நீல அம்பு என் மகன் வந்த நாளும் போன நாளும். அவன் தொலைதூர லாரி ஓட்டுகிறான். மாதக் கடைசியில் தாளைக் கிழிக்கும் முன் எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் நகல் எடுத்துவிடுவேன்.

"கிழிச்சுப் போடுற தாளுக்கு ஒரு நகல்" என்பாள் என் மனைவி. "நல்லவேளை, குப்பைக்கு ரசீது கேக்கல."

மருமகள் வந்த மாதம் காலண்டரில் ஒரு பச்சைப் புள்ளி புதிதாக முளைத்தது. மனைவியிடம் கேட்டேன். "அது உங்க டிபார்ட்மென்ட் இல்ல" என்றாள். நோட்டில் 'பச்சைப் புள்ளி (என் துறை அல்ல)' என்று தலைப்புப் போட்டு, தேதியை எழுதிக்கொண்டேன். இந்த வயதில் ஊகிக்கத் தெரியாதா என்று கேட்கலாம். ஊகித்தேன். ஊகத்தை எழுதிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். அப்படியே ஆறு வருடம் ஓடியது. பச்சைப் புள்ளி வந்துகொண்டே இருந்தது, குழந்தை வரவில்லை.

போன நவம்பரில் மகனுடைய லாரியின் பின் அச்சு முறிந்தது. உதிரி பாகம் வர நாளாகும் என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். ஒன்பதாம் தேதி வந்தவன் இருபத்து நாலாம் தேதிதான் கிளம்பினான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் வீட்டில் தொடர்ந்து இருந்த மிக நீண்ட காலம் அது, பதினைந்து நாள். அந்த மாதமும் அடுத்த மாதமும் பச்சைப் புள்ளி விழவில்லை.

டிசம்பர் ஐந்தாம் தேதி அவள் பரிசோதனைப் பட்டையை என் மனைவியிடம் மட்டும் காட்டினாள். இரண்டு கோடு. மனைவி அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டாவது கோடு கொஞ்சம் வெளிறி இருக்கே" என்றாள்.

"வெளிறி இருந்தாலும் கோடு கோடுதானாம் அத்தை. பெட்டியிலேயே போட்டிருக்கு."

அரை வருடமாக ஃபோலிக் அமில மாத்திரை தினம் ஒன்று விழுங்கி வந்தாள். கரு தங்குவதற்கு முன்பே தொடங்கினால்தான் குழந்தையின் முதுகுத்தண்டுக்கு நல்லது என்று கிளினிக் நர்ஸம்மா சொல்லியிருந்தாராம். அன்று அந்த டப்பாவை அலமாரியின் பின்னாலிருந்து முன்னால் எடுத்து வைத்தாள். எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. டப்பா இடம் மாறியதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பதினோராம் தேதி, வியாழக்கிழமை, ஸ்கேன். மதியம் ஒன்றேகாலுக்கு வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காராமலே நின்றாள். ஒரு தாளை என்னிடம் நீட்டினாள்.

"மாமா, இதை ஃபைல்ல போட்டுடுங்க."

"என்ன சொன்னாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"பை இருக்காம் அத்தை. உள்ள ஆளில்லையாம்."

குழாயடிக்குப் போய்க் கை கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். திரும்பி வந்து, கடையில் நாளைய மாவுக்கணக்கு சொல்கிற குரலில் சொன்னாள்: "ஏழு வாரத்துக்கு இதயத் துடிப்பு தெரியணுமாம். தெரியல. ஒண்ணு காத்திருந்து பார்க்கலாம், இல்லேன்னா திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்தா சுத்தம் பண்ணிடுவாங்களாம். திங்கக்கிழமைன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"காத்திருக்கலாம்னா காத்திருக்கலாமே."

"உப்பாத மாவை மூடி மூடி வச்சுப் பார்த்தா உப்பிடுமா அத்தை? ஆறு வருஷம் காத்தாச்சு. இதுக்கு மேல என்னால தினம் எட்டிப் பார்க்க முடியாது."

அடுத்த நாள் வழக்கம்போல வேலைக்குப் போய்விட்டாள். நான் தாளுக்குத் துளை போட்டுக் கோப்பில் கோத்தேன். கோக்கும்போது படித்தேன். கடைசி மாதவிலக்கு: அக்டோபர் 23. சுழற்சி: 30 நாள், ஒழுங்கு. கர்ப்ப வயது: 7 வாரம் 0 நாள்.

அக்டோபர் 23-க்கு நோட்டில் பச்சைப் புள்ளி இருந்தது. அன்றிலிருந்து டிசம்பர் 11 வரை எண்ணினேன், நாற்பத்தொன்பது நாள். ஏழு வாரம் சரி. ஆனால் முப்பது சரியில்லை. ஆறு வருடத்துப் புள்ளிகளை முதலிலிருந்து எண்ணிப் பார்த்தேன். முப்பது எங்குமே இல்லை. ஆகக் குறைந்தது முப்பத்தாறு.

அந்த எண் மாறினால் என்ன மாறும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் மாறாமலும் போகலாம். ஆனால் ஒரு படிவத்தில் ஓர் எண் தப்பென்று தெரிந்த பிறகு, அதன் கீழே எழுதியிருக்கிற எதையும் என்னால் நம்ப முடிவதில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. மாமனார் மருமகளிடம் பேசுகிற விஷயமா இது. சனிக்கிழமை காலை மனைவியிடம் நோட்டைக் காட்டினேன்.

அவள் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள். "இதையுமா எழுதி வச்சீங்க? நான் அப்பவே என்ன சொன்னேன்?"

"தலைப்பிலேயே போட்டிருக்கேன். என் துறை அல்ல."

"ரொம்ப அழகு. இப்ப யார் போய்ச் சொல்றது?"

"நீதான்."

"எனக்கு நம்பர் வராது. முப்பத்தெட்டை எண்பத்து மூணும்பேன். நீங்க பண்ணின காரியம், நீங்களே சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்."

பதினொன்றே காலுக்கு மருமகள் வந்தாள். கையில் மாவு காய்ந்திருந்தது.

"கொஞ்சம் உட்காரும்மா. அந்தச் சீட்டுல முப்பதுன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"யார் சொன்னது?"

"நான்தான். ஏன் மாமா?"

"முப்பது இல்லம்மா. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது." நோட்டைத் திறந்து அவள் பக்கம் தள்ளினேன்.

ஒரு நிமிடம் புரியாமல் பார்த்தாள். பிறகு காது வரை சிவந்தது. "என் புள்ளியை எல்லாம் எழுதி வச்சிருக்கீங்களா? ஆறு வருஷமாவா?"

நான் நோட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"இந்த வீட்டுல சிலிண்டரும் நானும் ஒண்ணா மாமா?"

எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஓங்கிச் சாத்தியிருந்தால் பரவாயில்லை, மெதுவாகச் சாத்தினாள். மனைவி என்னைப் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன். ஐம்பது நிமிடம் அந்தக் கதவு திறக்கவில்லை.

வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். "குடுங்க" என்று நோட்டை வாங்கித் தரையில் உட்கார்ந்து விரலை வைத்துக் கீழே கீழே நகர்த்தினாள்.

"மாசத்துக்கு ஒண்ணுன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். வருஷத்துக்கு ஒன்பதுதான் இருக்கு."

"பிறகு ஏம்மா முப்பதுன்னு சொன்னே?" என்றாள் மனைவி.

"ஒழுங்கா வருதான்னு கேட்டாங்க அத்தை. வருதுன்னேன். முப்பது நாளைக்கு ஒரு தடவையான்னாங்க. ம்னு தலையாட்டினேன். எண்ணிப் பார்க்கலைன்னு சொல்லக் கூச்சம். தள்ளித் தள்ளி வருதுன்னு சொன்னா, கோளாறு இவகிட்டதான்னு எழுதிடுவாங்களோன்னு பயம்." என் பக்கம் திரும்பினாள். "இது மாறினா என்ன ஆகும் மாமா?"

"தெரியாதும்மா."

"தெரியாமத்தான் என்னை இந்தப் பாடு படுத்தினீங்களா?"

"நம்பர் தப்புன்னு மட்டும் தெரியும்."

அடுத்த நாள் ஞாயிறு, கிளினிக் கிடையாது. அந்த ஒரு நாளைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அவள் மூன்று தடவை வீடு கூட்டினாள். தொலைபேசியில் மகன், "அப்பா, நாளைக்கு அவ போகட்டுமா வேண்டாமான்னு நீங்களாவது சொல்லுங்களேன்" என்று கேட்டான். "முதல்ல நோட்டைக் காட்டிக் கேட்போம்" என்றேன்.

பதினைந்தாம் தேதி காலை வெறும் வயிற்றோடு கிளம்பினாள். அப்படித்தான் வரச் சொல்லியிருந்தார்கள். நோட்டைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டாள். மூவரும் போனோம். அவர்கள் இருவரும் உள்ளே போக, நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் பின்தங்கியிருந்தது. எட்டு ஐம்பதுக்கு நர்ஸம்மா கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"இதை எழுதினது யாரு? பெரியவரா? கொஞ்சம் உள்ள வாங்க."

உள்ளே டாக்டர் மேஜைமேல் நோட்டைத் திறந்து வைத்திருந்தார். என் மருமகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பச்சை புரியுது. இந்த நீல அம்பு என்ன?"

"மகன் ஊருக்கு வந்த நாள், போன நாள்."

நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டர் சிரிக்கவில்லை, விரலால் நவம்பரைத் தொட்டு, தாளில் ஏதோ கூட்டிக் கழித்தார். பிறகு என் மருமகளைப் பார்த்துச் சொன்னார்.

"எல்லாருக்கும் பதினாலாம் நாள் கருமுட்டை வெளிய வராதும்மா. அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய ரெண்டு வாரம் முன்னாடிதான் வரும். இருபத்தெட்டு நாள் சுழற்சின்னா ரெண்டும் ஒரே நாள். உனக்கு முப்பத்தொன்பது. அப்போ இருபத்தஞ்சாம் நாள் பக்கம். வியாழக்கிழமை நான் ஏழு வாரம்னு பார்த்தேன். அது அஞ்சரை வாரமா இருக்கலாம். அஞ்சரை வாரத்துல பை மட்டும் தெரியறதுல தப்பே இல்ல. சீட்டுல இருந்த முப்பதை நானும் திருப்பிக் கேட்கல."

"அப்போ குழந்தை இருக்கா டாக்டர்?"

"அதை இன்னைக்குச் சொல்ல முடியாது. இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருபத்து நாலாம் தேதி மறுபடி பார்ப்போம். இன்னைக்கு எதுவும் செய்யப் போறதில்ல. முதல்ல போய்ச் சாப்பிடு."

நோட்டைச் சுற்றிக் கொடுக்கும்போது நர்ஸம்மா அவளிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார்; பிறகு விரல்விட்டு எண்ணி ஏதோ விளக்கினார். திரும்பும் வழியில் பஸ்ஸில் அவள் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். முன் சீட்டில் இருந்த எனக்கும் கேட்டது.

"அத்தை, மருந்துக் கடையில குடுத்த ஒரு புத்தகத்துல பதினாலாம் நாள்னு போட்டிருந்துச்சு. ஆறு வருஷமா அந்த நாளுக்கு உங்க பிள்ளையை லாரியை விரட்டிக்கிட்டு வர வச்சேன். பதினேழாம் நாள் திருப்பி அனுப்பிடுவேன். முட்டை வந்தா ஒரு நாள்தான் இருக்குமாம். ஆம்பளையோடது உள்ள அஞ்சு நாள் வரைக்கும் தாங்குமாம். இருபதுல இருந்து இருபத்தஞ்சு வரைக்கும்தான் எனக்குக் கணக்காம். அந்த நாள்ல எல்லாம் அவர் எங்க இருந்தாரு? எங்கேயோ டீ குடிச்சுக்கிட்டு இருந்தாரு."

"அச்சு முறிஞ்சதுதான் நல்லதாப் போச்சு" என்றாள் மனைவி.

சிரிப்பு பாதியில் நின்றது. "நல்லதான்னு இருபத்து நாலாம் தேதி தெரியும் அத்தை."

ஒன்பது நாள் இருந்தது. கடையில் இருபத்தைந்து கிலோ மாவு மூட்டையைத் தூக்குவதை நிறுத்தினாள். காரணம் சொல்லாததால் மாவு பிசைகிறவர், "தட்டக்காவுக்கு இடுப்பு பிடிச்சிருச்சு, வயசாச்சுல்ல" என்று கிண்டல் செய்தாராம். பதினெட்டாம் தேதி தபாலில் கிளினிக்கிலிருந்து முதல் கடிதம் வந்தது: பதினைந்தாம் தேதிச் சிகிச்சை ரத்து, இருபத்து நாலாம் தேதி ஸ்கேன். அதோடு, சுழற்சி நீளமாக இருப்பதால் அன்றே எடுத்த தைராய்டு பரிசோதனையின் முடிவு. அது சரியாக இருந்தது.

பத்தொன்பதாம் தேதி மதியம் குளியலறையிலிருந்து வெளியே வந்தவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பழுப்பாக ஒரு கறை. மனைவி நர்ஸம்மாவுக்குப் போன் செய்து, அவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னாள். வலி இருக்கா, இல்லை. சிவப்பா வடியுதா, இல்லை. மயக்கம், தோள்பட்டை வலி, இல்லை. அப்படியானால் இது பலருக்கும் வருவதுதான், பயப்பட வேண்டாம். ரத்தம் அதிகமானாலோ, வயிற்றில் கடுமையான வலி வந்தாலோ, தலை சுற்றினாலோ உடனே கிளம்பி வர வேண்டும், மணி பார்க்க வேண்டாம்.

"பயப்பட வேண்டாமாம்" என்றாள் மனைவி.

"சரி அத்தை" என்றாள் அவள். அன்று முழுக்கக் குளியலறைக் கதவு சத்தம் கேட்டாலே நாங்கள் இருவரும் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தோம். கடைசியில் அவளே, "ரெண்டு பேரும் அப்படிப் பார்க்காதீங்க, ஏதாவதுன்னா நானே சொல்றேன்" என்றாள். கறை இரண்டு நாளில் நின்றது.

இருபத்து நாலாம் தேதி நான் போகவில்லை. வீட்டில் இருந்தேன். பன்னிரண்டு பத்துக்கு இருவரும் வந்தார்கள். மனைவி முகத்தில் அழுத தடம். அது எந்த அழுகை என்று தெரியாமல் நான் எழுந்து நின்றேன்.

"துடிப்பு இருக்கு மாமா" என்றாள் மருமகள். "ஆனா கொஞ்சம் மெதுவாவாம். நிமிஷத்துக்கு நூத்திப் பத்து. அளவும் எதிர்பார்த்ததை விட நாலு நாள் சின்னதாம். முட்டை இன்னும் கொஞ்சம் தள்ளி வந்திருக்கலாம், அதனால இருக்கலாம்னு சொன்னாங்க. சந்தோஷப்படுங்க, ஆனா முழுசா இப்பவே வேண்டாம்னு டாக்டர் சொல்றாரு."

"முக்கால்வாசிப் படலாமா?" என்றாள் மனைவி.

"பாதி" என்றாள் அவள்.

ஜனவரியில் அவளுக்கு ரொட்டி வாசனையே ஆகவில்லை. முகத்தில் துணி கட்டிக்கொண்டு அடுப்பின் முன் நின்றாள். வாந்தி அதிகமான நாளில், குழந்தை நன்றாக இருப்பதால்தான் வாந்தி என்று நினைத்துக்கொள்வாள். வாந்தி இல்லாத நாளில் காலையிலிருந்து பேச மாட்டாள். ஆறாம் தேதி இரண்டாவது கடிதம்: ஜனவரி 30, பன்னிரண்டு வார ஸ்கேன், கூடவே ரத்தப் பரிசோதனை.

முப்பதாம் தேதி மகன் லாரியை வேறொருவரிடம் விட்டுவிட்டு வந்து அவளுடன் போனான். துடிப்பு நூற்று அறுபது. கை, கால், தலை தெரிந்ததாம். ஒரு கையை ஆட்டியதாம். அவன் அதை எனக்குச் செய்து காட்டினான். ஆனால் அவள் காலண்டர் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டு மீதியைச் சொன்னாள்.

"பின்கழுத்துப் பக்கம் நீர் கொஞ்சம் கூடுதலாத் தெரியுதாம். எல்லைக்குள்ளதான், ஆனா ஓரமா இருக்காம். ரத்தத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டாத்தான் குழந்தைக்குக் குறை இருக்க எவ்வளவு வாய்ப்புன்னு சொல்ல முடியுமாம்."

"எப்பச் சொல்வாங்க?"

"ஏழு வேலை நாளுக்குள்ள. மேற்கொண்டு பார்க்கணும்னா போன் பண்ணுவாங்க. தேவையில்லைன்னா தபால்ல கடிதம் வரும்."

அடுப்பு முன்னால் கைபேசி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால் கூடத்துத் தொலைபேசி எண்ணைத்தான் கிளினிக்கில் கொடுத்திருந்தாள். முப்பத்தொன்றாம் தேதி அது இரண்டு தடவை அடித்தது. இரண்டும் மனைவியின் தங்கை. "செத்தாலும் பிழைச்சாலும் ஒரு வாரத்துக்கு இங்க போன் பண்ணாதே" என்று மனைவி சொல்லி வைத்துவிட்டாள். பிப்ரவரி 2, ஒருவர் குழாய் ரிப்பேர்காரரைக் கேட்டார். நான்தான் எடுத்தேன்; நான் அவர் இல்லை என்று இரண்டு தடவை சொல்லி வைத்தேன். பிப்ரவரி 3, கடை முதலாளி. அன்று மருமகள் வீட்டில் இருந்தாள். மணி அடித்ததும் கையிலிருந்த தட்டைத் தரையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கடையில இருந்தும்மா. நாளைக்கு அரை மணி முன்னாடி வரணுமாம்."

"சரி மாமா" என்றாள். எழுந்திருக்கவில்லை.

பிப்ரவரி 4, மகன் கிளம்பும் முன் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தான், லைன் இருக்கிறதா என்று. இருந்தது. அன்று முழுக்க யாரும் கூப்பிடவில்லை. தபால்காரரும் வரவில்லை. சாயங்காலம் அவள் என்னிடம், "கடிதம் வர எத்தனை நாளாகும் மாமா, உள்ளூருக்கு?" என்று கேட்டாள். முதல் கடிதம் மூன்று நாளில் வந்தது, இரண்டாவது நான்கு நாளில், என்றேன்.

மறுநாள் அவள் கடைக்குப் போயிருந்தாள். தொலைபேசி அடிக்கவில்லை; வாசலில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டது. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். நீளமான வெள்ளை உறை, இடது மூலையில் கிளினிக்கின் முத்திரை, நடுவில் என் மருமகளின் முகவரி. பிரிக்கவில்லை, அது அவளுடையது. மேஜைமேல் அவள் வந்ததும் பார்க்கிற இடத்தில் வைத்தோம். அவள் வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

மூன்றாவது கடிதம் வந்த நாள்: பிப்ரவரி 5, வியாழக்கிழமை, காலை பத்து நாற்பது.